அம்மன் தொட்ட தடம்

பருத்திப்பட்டு ஏரியை ஒட்டி எழும்பியிருக்கும் அடுக்குமாடி வீடுகளில் போய் சாமுண்டீஸ்வரி யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தண்ணி கேன் அக்கா என்று கேட்டால் செக்யூரிட்டியில் தொடங்கி ஐந்தாவது மாடிவரை அத்தனை பேரும் கையை நீட்டி வழி காட்டுவார்கள். அந்த அடுக்குமாடிகள் நிற்கும் மண் ஒரு காலத்தில் அவளுடைய அப்பா நெல் போட்ட மண். அதை விற்றது போக மிஞ்சிய ஒரு மூலையில்தான் அவள் வீடும், வீட்டை ஒட்டித் தகரம் போட்ட கேன் கொட்டகையும் இருந்தன. நிலம் போனதைப் பற்றி அவள் ஒரு நாளும் மூக்கைச் சிந்தியதில்லை. "நெல்லு போட்டப்ப நாங்கோ நாலு பேரு சாப்ட்டோம். இப்ப ஊரே தண்ணி குட்ச்சிகினு கீது" என்பாள், அவ்வளவுதான்.

கொட்டகைக்கு அவள் முதலாளி என்றால், தம்பி கோதண்டம் அதன் வாயும் மூளையும். திருநின்றவூர்ப் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து குட்டியானை வண்டியில் கேன்களை ஏற்றிவருவது அவன். எந்த பிளாக்கில் எந்த வீட்டுக்கு எத்தனை, யார் வீட்டில் விருந்தாளி, யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் எல்லாம் அவன் தலைக்குள் இருக்கும். காலையில் வண்டியின் பின்னால் ஏறி நின்றுகொண்டு குரல் கொடுப்பான். சுமக்கிற பச்சையப்பனும் உத்தமனும் கேட்டுக் கேட்டுக் கொண்டுபோவார்கள். அக்காவின் கணவர் வெளிவட்டச் சாலையில் லாரி மோதிப் போன பிறகு அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியவன் அவன்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "பாப்பா கல்யாணம் ஆவட்டுங்க்கா, அப்பால பாத்துக்லாம்" என்பான். பாப்பா என்றால் அக்காள் மகள் கிருஷ்ணப்பிரியா. பாப்பாவுக்கு அம்பத்தூரில் ஐடி வேலை கிடைத்து, அவள் ஸ்கூட்டியில் போய்வரத் தொடங்கிய பிறகும் அவன் வாயில் அவள் பாப்பாதான். அதற்குள் அவனுக்கு நரை விழுந்துவிட்டது.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வழக்கம் என்பதா, பெருமை என்பதா தெரியவில்லை. அவர்கள் உடம்பில் லேசாக எங்காவது இடித்தாலும், சில சமயம் இடிக்காமலேயே, ஊதா நிறத்தில் கன்றிப்போகும். கத்தி பட்டால் ரத்தம் நிற்பதற்குள் ஒரு டம்ளர் காப்பி ஆறிவிடும். அப்பாவுக்கு வெயில் காலத்தில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டும். இதை நோய் என்று அவர்கள் யாரும் நினைத்ததில்லை. திருவேற்காட்டு அம்மன் அவர்கள் குலத்துக்காரி. அவள் தொட்டுவிட்டுப் போன இடம்தான் அப்படிக் கன்றுகிறது என்று சொல்லிக்கொள்வார்கள். அம்மன் தொட்ட தடம் என்று அதற்குப் பேரே உண்டு. மற்ற பங்காளி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தடம் விழாவிட்டால் இவர்களுக்கு உள்ளூரக் கொஞ்சம் இளக்காரம்கூட இருந்தது.

காது குத்தும்போதுதான் இதன் முழுக் கூத்தும் தெரியும். எல்லா வீட்டிலும் தாய்மாமன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பிள்ளையை மடியில் வைப்பான். இவர்கள் வீட்டில் மட்டும் தாய்மாமன் அரக்கு நிற வேட்டி கட்டுவான். வெள்ளை கட்டினால் வேட்டி வீணாகிவிடும். ரத்தத்தை நிறுத்த ஒரு கிண்ணத்தில் காப்பித்தூளும் ஒரு கட்டுப் பஞ்சும் தட்டில் வெற்றிலைப் பாக்கோடு சேர்ந்தே கோயிலுக்குப் போகும். சாமுண்டிக்குக் காது குத்தியபோது பொழுது சாயும்வரை ரத்தம் கசிந்ததாகச் சொல்வார்கள். கோதண்டத்துக்கும் அப்படித்தான்.

கிருஷ்ணப்பிரியாவுக்குக் காது குத்திய அன்று கோதண்டம் அரக்கு வேட்டியும் மடியில் ஒரு துண்டுமாக முழு ஏற்பாட்டோடு உட்கார்ந்தான். ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டது. ஒரு பொட்டு எட்டிப் பார்த்தது, ஆசாரி கட்டை விரலால் துடைத்தார், அதோடு சரி. கிண்ணத்துக் காப்பித்தூள் அப்படியே திரும்பி வந்தது. "பொண்ணு அப்பன் வம்சம் போல, அம்மன் தொடவே இல்ல" என்று ஒரு பங்காளி வீட்டு அம்மாள் உச்சுக்கொட்டினாள். சாமுண்டிக்கே கொஞ்சம் சப்பென்று போயிற்று. கோதண்டம்தான் சிரித்தான். "அட இன்னாக்கா, கொயந்த தப்ச்சிதுன்னு சந்தோசப்படுவியா." அதை அன்றைக்கே எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

பிரியாவுக்கு மாப்பிள்ளை அமைந்ததும் தண்ணி கேன் வழியாகத்தான். சி பிளாக்கில் மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம். அந்த வீட்டு அம்மாள் சுலோசனா, கேன் வைக்கிற கோதண்டத்திடம் நின்று ரெண்டு வார்த்தை பேசுகிறவர். மகன் சரவணக்குமாருக்குப் பெண் பார்க்கிற பேச்சு வந்தது. கோதண்டம் பாப்பாவைப் பற்றிச் சொன்னான். விசாரித்ததில் நம்மவர்கள்தான் என்று இரண்டு பக்கமும் திருப்திப்பட்டுக்கொண்டது. பிள்ளைகள் ஏரிக்கரையில் நடந்து பேசி, சரி என்றார்கள். வைகாசியில் நிச்சயம், தையில் கல்யாணம்.

நிச்சயத்துக்கு முன்னால் சுலோசனா, தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டே, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டார். "தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. உங்க குடும்பத்துல சுகர், பிரஷர், இந்த மாதிரி வழிவழியா வர்ற சீக்கு ஏதாவது உண்டுங்களா?"

"எங்க வூட்ல அப்டிலாம் ஒண்ணும் கெடையாது" என்றாள் சாமுண்டி. பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. அம்மன் தொட்டதைச் சீக்கு என்று எவள் சொல்வாள்?

ஆடியில் கோதண்டம் படுத்தான். முதலில் சோர்வு. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு ஈறு வீங்கி, பல் துலக்கினால் வாஷ்பேசின் முழுக்கச் சிவந்தது. அவன் உடம்பில் எப்போதும் இருக்கிற தடங்கள்தான், ஆனால் இந்த முறை அவை நெல்லைக் கொட்டியதுபோல் பொடிப்பொடியாக இரண்டு காலிலும் இறங்கியிருந்தன. ஆவடியில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உட்காரக்கூட விடாமல் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்தார்கள். ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

ரத்தநோய்ப் பிரிவில் பவ்யா என்று ஒரு டாக்டர். சின்ன வயசுதான், ஆனால் அவசரப்படாமல் பேசுகிறவர். முதல் நாளே கேட்டார்: "உங்க குடும்பத்துல யாருக்காவது ரத்தம் சீக்கிரம் நிக்காம வர்றது, காரணமே இல்லாம கன்னிப்போறது, இந்த மாதிரி உண்டாம்மா? யாராவது ரத்தப் புற்றுநோய்ல இறந்திருக்காங்களா?"

இந்த இடத்தில் சாமுண்டி தயங்கினாள். இப்போது அவளுக்குத் தெரியும், கேட்கிறது அம்மனைப் பற்றி அல்ல. அப்பாவும் ஐம்பது தாண்டாமல், இதே மாதிரி ஈறு வீங்கி, வெளுத்துப்போய்த்தான் செத்தார். மஞ்சள்காமாலை என்று ஊருக்குச் சொல்லி முடித்தார்கள். ஆனால் கழுத்தில் நிச்சயதார்த்தச் சங்கிலியோடு பிரியா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சொன்னது எப்படியாவது சி பிளாக்குக்குப் போய்விடாதா?

"அப்டிலாம் ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள்.

அவளைக் கோபித்துக்கொள்ள நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பெண்ணுக்கு நிச்சயம் பண்ணி வைத்துவிட்டுத் தேதிக்குக் காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த நாட்களில் நாக்கு தானாகவே எப்படிப் புரளும் என்று. சி பிளாக்குக்கு, தம்பிக்கு டைபாய்டு என்று சேதி போயிற்று. பிரியாவும் அதற்குத் தலையாட்டினாள். அவள் மாமாவுக்கு என்ன நோய் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அது இந்தக் குடும்பத்தின் நோய் என்று தெரியாது.

கோதண்டம் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மாதம் கேன் வியாபாரம் சிரிப்பாய்ச் சிரித்தது. குரல் கொடுக்க ஆளில்லை. பச்சையப்பனும் உத்தமனும் கண்ணில் பட்ட ஏ பிளாக் வாசலிலேயே அத்தனை கேனையும் இறக்கி அடுக்கிவிட்டு வருவார்கள். வாசலில் நடக்க வழியில்லாமல் கேன் குவிந்திருக்க, சி பிளாக்கில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று போன் மேல் போன் வரும். சாமுண்டி ஒரு கையில் ஆஸ்பத்திரிக் கூடையும் மறு கையில் போனுமாக அல்லாடினாள்.

மருந்துக்கு நோய் அடங்கியது. கோதண்டம் மொட்டைத் தலையோடு எழுந்து உட்கார்ந்தான். ஆனால் இது அடங்கியிருக்கிறதே தவிரப் போகவில்லை, திரும்ப வருவதற்குள் வேறொருவர் மஜ்ஜையை வைக்க வேண்டும் என்றார் டாக்டர் பவ்யா. கூடப் பிறந்தவர்கள் பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. சாமுண்டி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவு வந்தபோது, முழுப் பொருத்தம்.

அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூட, என் தம்பிக்கு நான்தான் தரப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். புரட்டாசி என்றுகூடப் பார்க்காமல், உடம்பில் ரத்தம் ஊற ஈரல் வாங்கி வறுத்துத் தின்றாள். வார்டில் போய் தம்பியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கல்யாணத்துல நீதான்டா மாமன் சீரு எட்த்துகினு முன்னாடி நடக்கணும். தலைல முடி மொளச்சிதா இன்னான்னு பாத்துக்கோ" என்றாள். அவன் மண்டையைத் தடவிக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வருஷத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

கொடுக்கிறவர் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும் என்று அவளைச் சோதித்தார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அவளுக்குப் பாதிகூட இல்லை. ஊசி குத்திய கை முழங்கைவரை ஊதா பூத்துக் கிடந்தது. டாக்டர் பவ்யா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, நான் முதல் நாள் கேட்டேன். இப்ப திரும்பக் கேக்கறேன். எதையும் மறைக்காம சொல்லுங்க."

சாமுண்டி சொன்னாள். தடம், மூக்கு ரத்தம், அரக்கு வேட்டி, காப்பித்தூள், அப்பாவின் மஞ்சள்காமாலை, எல்லாவற்றையும். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவள் எச்சிலையும் கோதண்டத்தின் தோலில் ஒரு துணுக்கையும் எடுத்து ஏதோ பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதன் முடிவு வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

பூந்தமல்லி சாலை முழுக்கத் தண்ணீர் நின்ற ஒரு நாளில் சாமுண்டி நனைந்த புடவையோடு டாக்டர் எதிரில் உட்கார்ந்தாள். டாக்டர் முதலில் வேறு எதையோ கேட்டார்.

"உங்க கேன் வியாபாரத்துல எந்த வீட்டுக்கு எத்தனைன்னு சொல்றது யாரு?"

"என் தம்பி தான் மேடம்."

"அவர் இல்லாதப்ப என்ன ஆச்சு?"

"எல்லாம் ஒரே எடத்துல குவிஞ்சிட்ச்சி. தண்ணி வேணுங்கறவங்களுக்குப் போய்ச் சேர்ல."

"எலும்பு மஜ்ஜையிலயும் அதுதான் நடக்குது. அங்க தினம் தினம் புது செல்கள் பொறக்கும். பொறக்கும்போது எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். நீ சிவப்பணுவா ஆகு, நீ வெள்ளையணுவா ஆகு, நீ தட்டணு உண்டாக்குன்னு ஒண்ணு சொல்லணும். அப்படிச் சொல்ற புரதங்களுக்குப் படியெடுப்புக் காரணின்னு பேரு. அது போய் மரபணு மேல உக்காந்து, இதைத் திறந்து படி, அதை மூடி வைன்னு ஆணை குடுக்கும். அதுல ரன்க்ஸ் ஒன்னுன்னு ஒண்ணு. உங்க குடும்பத்துல அந்த ஒண்ணுல பிழை இருக்கு. அப்பா வழியா உங்க ரெண்டு பேருக்கும் வந்திருக்கு."

சாமுண்டி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா கிட்ட இருந்து வந்த நல்ல பிரதி ஒண்ணு இருக்கறதால பாதிக் குரல்ல வேலை ஓடிடும். தட்டணு மட்டும் குறையும், கன்னிப்போகும். உங்களுக்கு இத்தனை வருஷமா அப்படித்தான் ஓடுது. ஆனா வயசு ஆக ஆக வேற இடத்துல இன்னொரு பிழை விழுந்தா, ஆணை சுத்தமா நின்னுடும். செல்கள் வளராம, பிஞ்சாவே பெருகிக் குவியும். உங்க தம்பிக்கு அது ஆயிடுச்சு. எல்லாருக்கும் ஆகும்னு இல்ல. உங்களை வருஷா வருஷம் நாங்க பாத்துக்கிட்டே இருப்போம்."

"எனக்கு வந்தா வர்ட்டும். அவனுக்கு எப்ப மேடம் என்துது வைப்பீங்க?"

"வைக்க முடியாதும்மா. உங்க மஜ்ஜையை வச்சா அதே பிழையைத்தான் திருப்பி உள்ள வைக்கறோம்."

இதை அவள் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இந்த உலகத்தில் அவனுக்கு முழுசாகப் பொருந்துகிற ஒரே உடம்பு அவளுடையது. அதுவும் ஆகாது என்கிறார்கள். அவள் கையைப் பார்த்தாள். ஊதா இன்னும் மறையவில்லை. வாழ்நாளிலேயே முதல் தடவையாக அந்தத் தடத்தைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

டாக்டர் மேலே சொன்னார். வெளியாட்கள் பட்டியலில் தேடுகிறோம், இதுவரை பொருத்தமாக யாரும் சிக்கவில்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. அக்காவும் தம்பியும் முழுப் பொருத்தம் என்பதால் அக்காள் மகள் மாமனுக்குக் கட்டாயம் பாதி பொருந்துவாள். இப்போதெல்லாம் பாதிப் பொருத்தத்திலேயே செய்கிறார்கள். "ஆனா அந்தப் பிழை உங்க பொண்ணு கிட்ட இருக்கக் கூடாது. இருக்கவும் இல்லாம இருக்கவும் சரிபாதி வாய்ப்பு. எச்சில் குடுத்தா போதும். கூட்டிட்டு வாங்க."

சாமுண்டி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். வார்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் மனசு ஒரே கணக்கைப் போட்டது. பரிசோதனையில் இருக்கிறது என்று வந்துவிட்டால்? கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணின் உடம்பில் ரத்தப் புற்றுநோய்க்கு விதை இருக்கிறது என்று தெரிந்தால், சுலோசனா அம்மாள் தாம்பாளத்தைத் திருப்பி அனுப்பாமல் இருப்பாரா? பிரியாவுக்கு வயிற்றில் புழு பூச்சி உண்டாவதற்கு எந்த வீட்டில் ஒத்துக்கொள்வார்கள்?

எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னாள். அவனிடம் அவள் எதையும் மறைத்ததில்லை. அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"பாப்பாண்ட சொல்லிட்டியா?"

"இல்லடா."

"சொல்லாதக்கா. கல்யாணம் ஆவட்டும். தை இன்னா ரொம்ப தூரத்துலயா கீது? அதுவரிக்கும் நா தாங்க மாட்டனா?"

அவள் அழுதாள். அவன் அவள் முதுகில் தட்டினான்.

"பாப்பாவ நெனச்சி பயப்படாத. காது குத்தறப்ப நாந்தான மடில வச்சிகினு இருந்தேன். ஒரு பொட்டுக்கு மேல வர்ல. அவளுக்கு இது இருக்காது. நீ நிம்மதியா இரு."

சாமுண்டி அந்தப் பேச்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆமாம், வரவில்லைதான். காப்பித்தூள் திரும்பி வந்ததே. மகள் தப்பித்தாள் என்ற ஆறுதல் அவளுக்கு அத்தனை பெரிதாக இருந்தது. மகளுக்கு இல்லை என்றால் மகளால் கொடுக்க முடியும் என்ற மறுபாதி அவள் புத்தியில் உறைக்கவே இல்லை. பயந்துபோன மனசுக்கு ஒரு பக்கம்தான் தெரியும்.

அடுத்த தடவை டாக்டர் பவ்யா கேட்டபோது, மகள் கம்பெனி டிரெய்னிங்குக்காக ஹைதராபாத் போயிருக்கிறாள் என்றாள். போன் நம்பர் கொடுங்கள், நான் பேசுகிறேன் என்றார் டாக்டர். பகலில் எடுக்க மாட்டாள் மேடம், தை பிறந்ததும் வந்துவிடுவாள் என்றாள். தைக்கும் முன்னால் வந்தால் நல்லது என்றார் டாக்டர். கார்த்திகை முழுக்க இப்படியே ஓடியது. பிரியா ஆஸ்பத்திரிக்கு வருகிற சனி, ஞாயிறுகளில் டாக்டர் கண்ணில் படாதபடி சாமுண்டி பார்த்துக்கொண்டாள். வெளியாட்கள் பட்டியலில் தூரத்து ஊரில் ஒருவர் ஓரளவு பொருந்தினார். கூப்பிட்டபோது அவர் மனசு மாறிவிட்டது என்று சொன்னார்கள். யாரோ ஒரு முகம் தெரியாத மனிதரைச் சாமுண்டி ஒரு வாரம் சபித்தாள். சபிக்க அவளுக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று பிற்பாடு அவளே சொல்லிச் சொல்லி அழுதாள்.

மார்கழியில் நோய் திரும்பியது. அதை அடக்கக் கொடுத்த மருந்தில் உடம்பின் காவல் எல்லாம் இறங்கி, நெஞ்சில் சளி பிடித்து, கோதண்டம் மூச்சுக்குத் திணறினான். தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். பிரியா வேலையிலிருந்து நேராக ஓடி வந்தாள். கதவுக்கு வெளியே அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவளை டாக்டர் பவ்யா பார்த்துவிட்டார்.

"நீங்கதான் அவரோட அக்கா பொண்ணா? ஹைதராபாத்ல இருந்து எப்ப வந்தீங்க?"

பிரியா விழித்தாள். "நான் ஹைதராபாத் போகவே இல்லையே டாக்டர். தினமும் அம்பத்தூர்தான் போய்ட்டு வர்றேன்."

டாக்டர் சாமுண்டியைப் பார்த்தார். பிறகு பிரியாவைத் தனியே அழைத்துப் போனார். அறைக்குள் என்ன பேசினார்கள் என்று சாமுண்டிக்குத் தெரியாது, சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்த பிரியாவின் முகத்தில் கோபம் இல்லை. அவள் அம்மாவின் எதிரில் நின்று, சின்னப் பிள்ளையில் கணக்கு புரியாதபோது கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள்.

"எச்சில்தானேம்மா கேட்டாங்க?"



பிரியா அன்றே எச்சில் கொடுத்தாள். இப்போது இது மாமாவுக்குப் பயன்படாது, உங்களுக்காகத்தான் என்று டாக்டர் சொல்லியும், பரவாயில்லை எடுங்கள் என்றாள். கோதண்டம் அந்த வாரம் தாண்டவில்லை. கடைசியாக ஒரு முறை கண் விழித்தபோது பிரியாவைப் பார்த்து, முகமூடிக்குள் ஏதோ சொன்னான். கேட்கவில்லை. கல்யாணத்தைப் பற்றித்தான் சொல்லியிருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டும்போது அவன் உடம்பு முழுக்கத் தடம். மார்பு, கை, வயிறு, எங்கும் ஊதா. சுற்றி நின்றது எல்லாம் பங்காளிகள்தான். அம்மன் தொட்டிருக்கிறாள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சாமுண்டி அரக்கு வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, இதைக் கட்டுங்கள் என்று கொடுத்தாள்.

கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போயிற்று. பிரியா ஏரிக்கரையில் உட்கார்ந்து சரவணக்குமாரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவனிடமிருந்து விஷயம் சுலோசனாவுக்குப் போயிற்று. மறுநாள் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். சாமுண்டி, தாம்பாளம் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்து, தரையில் உட்கார்ந்தபடியே இருந்தாள். சுலோசனா கீழே அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதைச் சொல்லாமயா இருந்தீங்க சம்பந்தி? எங்க வீட்டுக்காரருக்குப் பிறவியிலேயே ஒரு கிட்னிதாங்க. அவங்க அண்ணனுக்கும் அப்படியே. நீங்க வேணாம்னுட்டா என்ன பண்றதுன்னு நானும் வாயைத் திறக்கலை."

சாமுண்டி அவரையே பார்த்தாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இந்த அம்மாளுக்குப் பயந்தா தம்பியை விட்டேன் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த அம்மாளும் தனக்குப் பயந்துதான் இருந்திருக்கிறார்.

மாசியில் ஒரு காலை. குட்டியானையை இப்போது உத்தமன் ஓட்டுகிறான். எந்த வீட்டுக்கு எத்தனை என்று சாமுண்டிதான் குரல் கொடுக்கிறாள். தம்பி அளவுக்கு வராது, இரண்டு தடவை யோசித்துத்தான் சொல்வாள். பி பிளாக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து பிரியா கையில் போனோடு வந்தாள்.

"பவ்யா டாக்டர் பேசினாங்கம்மா. முடிவு வந்துடுச்சாம்."

சாமுண்டி வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னான்னாங்க?"

"எனக்கு அது வரலையாம். நான் நல்லா இருக்கேன். என் பிள்ளைங்களுக்கும் வராதாம்."

பெற்றவள் கையெடுத்துக் கும்பிட வேண்டிய சேதி. சாமுண்டியின் கை பாதி தூரம் மேலே வந்து, அங்கேயே நின்றது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சிரித்த தம்பி கண்ணுக்கு வந்தான். ஒரு பொட்டுக்கு மேல வர்ல, அவளுக்கு இருக்காது என்று அவன் சொன்னபோது, அந்தப் பேச்சின் மறுபாதி அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஊரிலுள்ள வீட்டுக் கணக்கையெல்லாம் தலையில் வைத்திருந்தவனுக்கு இந்த ஒரு கணக்கா தெரியாமல் போகும்?

"அப்ப நீ குட்த்துருக்கலாமா?" என்றாள்.

 கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதைப் பிரியா முதலில் சொன்னாள். சாமுண்டி அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடுத்திருக்கலாம்மா" என்றாள் பிரியா.

சாமுண்டி கொட்டகை வாசலில் அப்படியே உட்கார்ந்து அலறினாள். தம்பி செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. பச்சையப்பன் தோளிலிருந்த கேனை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தான். எதிர் வீட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஏ பிளாக் செக்யூரிட்டிகூட வந்துவிட்டார். என்னம்மா ஆச்சு, யாருக்கு என்ன என்று எல்லாரும் பிரியாவைக் கேட்டார்கள்.

"ஒண்ணும் இல்லைங்க. எனக்கு நோய் இல்லைன்னு ஆஸ்பத்திரியில இருந்து சொன்னாங்க" என்றாள் அவள்.

வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.